ஒட்டுவேலை செய்த கியர் இணைப்பைச் சரிசெய்வது எப்படி: கடலோரத்தில் ஓடும் பழைய கார்களுக்கு

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை பக்கம் ஓடும் பழைய கார்களின் அடியில் படுத்துப் பார்த்தால், கியர் இணைப்பில் (கியர் கம்பையும் கியர்பாக்ஸையும் சேர்க்கும் ராடுகளும் மூட்டுகளும்) கம்பெனிச் சாமானோடு வேறு பலவும் தொங்கும். கட்டுக்கம்பி, சைக்கிள் ட்யூப் துண்டு, ஓஸ் பைப்பில் அறுத்த வளையம், வலைக்கயிறு, சில வண்டிகளில் வெல்டிங் பொட்டுகூட இருக்கும். புஷ் (மூட்டுக்குள் உட்காரும் சிறு வளையம்) தேய்ந்து கியர் ஆட ஆரம்பித்ததும் அவசரத்துக்குச் செய்த வேலை அது. அன்றைக்கு வண்டி வீடு வந்து சேர்ந்துவிட்டதால் அப்படியே விட்டுவிடுகிறார்கள். பிறகு உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்து அறும், அல்லது இரண்டாவது கியருக்குத் தள்ளினால் நான்காவது விழும்.

இதை ஒழுங்காகச் சரிசெய்யக் கியர்பாக்ஸைத் திறக்க வேண்டியதில்லை. சாமான் கைக்கு வந்துவிட்டால், ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த புதியவருக்கு ஒரு முழுப் பகல் போதும். துருப்பிடித்த போல்ட்டுகள் இளக முந்தின இரவே எண்ணெய் விட்டுவைப்பது மட்டும் கட்டாயம். இங்கே மாருதி 800-ஐ முதன்மையாக வைத்து எழுதியிருக்கிறோம். 1983 டிசம்பரில் வெளிவந்து 2014 ஜனவரியில் உற்பத்தி நின்ற வண்டி அது. இந்தப் பக்கத்தில் இன்னும் நிறைய ஓடுகிறது, சாமானும் கிடைக்கிறது. கியர் கம்பு ஸ்டியரிங் தண்டில் இருக்கும் பழைய அம்பாசிடர், பத்மினி போன்ற வண்டிகளுக்குப் பின்னால் தனியாக வருகிறது.

தொடங்கும் முன் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். கியர் இணைப்பில் இறுக்கம் வேறு, ஆட்டம் இல்லாமை வேறு. ஒவ்வொரு மூட்டும் தான் திரும்ப வேண்டிய திசையில் தடையில்லாமல் திரும்ப வேண்டும். மற்ற எந்தத் திசையிலும் அசையக் கூடாது. ஒட்டுவேலைகள் பெரும்பாலும் ஆட்டத்தைப் போக்குவதாக நினைத்து மூட்டையே இறுக்கிவிடுகின்றன. அதனால் கியர் கனமாகிறது, பாதி விழுந்து நிற்கிறது, உள்ளே இருக்கும் பற்களும், கியரை நகர்த்தும் ஃபோர்க்கும் தேய்கின்றன. இணைப்பில் மிச்சம் பிடித்த சிறு தொகை கியர்பாக்ஸ் வேலையாகத் திரும்பி வரும்.

அடியில் என்ன இருக்கிறது

800-ல் எஞ்சினும் கியர்பாக்ஸும் முன்னால் குறுக்குவாக்கில் இருக்கின்றன. கியர் கம்பு இரண்டு சீட்டுக்கும் நடுவில். இரண்டுக்கும் நடுவே, தரைக்கு அடியில், இரண்டு ராடுகள் ஓடுகின்றன.

முதலாவது கியர் ராடு. ஒரு நுனி கம்பின் அடியில் புஷ் வைத்து மாட்டியிருக்கும். மறு நுனி கியர்பாக்ஸிலிருந்து வெளியே நீட்டியிருக்கும் ஷாஃப்டோடு இன்னொரு மூட்டில் சேரும். கம்பைப் பக்கவாட்டில் தள்ளினால் இந்த ராடு சுழலும். எந்த வரிசை (1-2, 3-4 போல) என்பது அதில் தீர்மானமாகிறது. முன்பின்னாகத் தள்ளினால் ராடு நீளவாக்கில் நகரும். அப்போது கியர் விழுகிறது. ஆக, ஒரே ராடு இரண்டு வேலை செய்கிறது. மூட்டில் 1 மி.மீ. தேய்ந்தாலும் இரண்டு வேலையும் கெடும். அந்த ஆட்டம் கம்பின் நீளத்தால் பெருகி, கையில் பிடிக்கும் குமிழில் பல மடங்காகத் தெரியும்.

இரண்டாவது எக்ஸ்டென்ஷன் ராடு. இது எதையும் நகர்த்துவதில்லை என்பதால் பலரும் இதைக் கண்டுகொள்வதில்லை. கியர் கம்பு உட்கார்ந்திருக்கும் கூட்டைக் கியர்பாக்ஸோடு பிடித்துவைப்பது இதுதான். எஞ்சின் ரப்பர் மவுண்ட்டின் மேல் உட்கார்ந்திருப்பதால் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஒரு பக்கம் சாயும், காலை எடுத்தால் மறுபக்கம் சாயும். கம்பின் கூடும் கூடவே நகர்ந்தால் கியர் ராடுக்கு எந்த இழுப்பும் தெரியாது. எக்ஸ்டென்ஷன் ராடின் ரப்பர் கிழிந்துவிட்டாலோ, எஞ்சின் சாயும் ஒவ்வொரு முறையும் கியர் ராடு இழுபடும். போட்ட கியர் தானாக நழுவும். "கியர் நிற்க மாட்டேங்குது, பாக்ஸ் போச்சு" என்று கேட்கும் வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இந்த ரப்பரும் எஞ்சின் மவுண்ட்டும்தான்.

கோளாறு எங்கே என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

வண்டியைத் தூக்கும் முன், சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, கிளட்ச்சை முழுவதும் மிதித்து, அதையே செய்யுங்கள்.

அணைத்திருக்கும்போது சுலபமாக விழுந்து, ஓடும்போது மட்டும் கனமாகவோ கிர்ரென்றோ இருந்தால் கோளாறு கிளட்ச்சில். 800-ன் கிளட்ச் வயரில் இயங்குவது. கடலோரத்தில் வயர் உறைக்குள் துருவேறி இழுப்பு குறையும். பெடலின் வெற்று ஆட்டம் பொதுவாக 15 முதல் 25 மி.மீ. அளவில் இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் முதலில் வயரைச் சரிசெய்யுங்கள். இணைப்பைத் தொடவே வேண்டியிராது.

அணைத்திருக்கும்போதும் கியர் விழ மறுத்தாலோ, வரிசையைத் தேடித் துழாவ வேண்டியிருந்தாலோ கோளாறு இணைப்பில். கியரில் இருக்கும்போது குமிழ் ஓரிரு செ.மீ. ஆடுவது சாதாரணம். 5 செ.மீ. தாண்டினால் ஒன்றுக்கு மேற்பட்ட மூட்டு தேய்ந்திருக்கிறது.

ஒரே ஒரு கியர் மட்டும் ஓட்டத்தில் கிர்ரென்று, மற்றவை நன்றாக விழுந்தால் அது கியர்பாக்ஸுக்குள் இருக்கும் சின்க்ரோ வளையத்தின் (கியர் மாறும்போது வேகத்தைச் சமன்செய்யும் வளையம்) தேய்மானம். இந்த வழிகாட்டியில் அதற்கு மருந்து இல்லை.

சாமானும் கருவியும்

ரிங் ஸ்பேனர் 10, 12, 13, 14. 12, 13 இரண்டும் ஏன் என்றால், ஜப்பான் வழி வந்த மாருதியில் 8 மி.மீ. போல்ட்டின் தலை 12 ஸ்பேனருக்குப் பொருந்தும். ஹார்டுவேர் கடையில் வாங்கும் அதே 8 மி.மீ. போல்ட்டுக்கு 13 ஸ்பேனர் வேண்டும். இது ஒரு நல்ல தடயமும்கூட. கியர் இணைப்பில் 13 ஸ்பேனர் பிடிக்கிற தலை தென்பட்டால், அந்த இடத்தில் ஏற்கெனவே யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அங்கே புஷ்ஷும் மாற்றப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

ஜாக்கி 1, இரும்பு ஸ்டாண்ட் 2, சக்கரத்துக்கு அணைகொடுக்கக் கட்டை 2, ஓரடிக்கு ஓரடி அளவில் ஒரு அங்குலத் தடிமனுள்ள பலகை 3, கம்பி பிரஷ், வெர்னியர் காலிப்பர் (மி.மீ.க்கும் குறைவாக அளக்கும் கருவி), கட்டிங் பிளேயர், டார்ச், கண்ணுக்குக் கண்ணாடி. கண்ணாடியை விட்டுவிடாதீர்கள், மல்லாந்து படுத்துத் துருவைச் சுரண்டும்போது அது நேரே கண்ணில்தான் விழும்.

வாங்க வேண்டியவை: கியர் ராடு புஷ் செட் 1, கம்பின் அடிக் குமிழ் உட்காரும் நைலான் கிண்ணம் 1, எக்ஸ்டென்ஷன் ராடு ரப்பர் புஷ் (எத்தனை இடத்தில் இருக்கிறதோ அத்தனை), கம்பின் ரப்பர் பூட் 1, துத்தநாகப் பூச்சுள்ள 8.8 தர (தலையில் பொறித்திருக்கும் பல எண்) போல்ட் 4, அதற்கான லாக் நட்டு 6, லித்தியம் கிரீஸ் 100 கிராம், சின்க் பிரைமர் சிறு டப்பா 1. கடைக்குப் போகும்போது வண்டியின் வருடத்தையும் 4 கியரா 5 கியரா என்பதையும் சொல்லுங்கள். கழற்றிய பழைய புஷ்ஷைக் கையில் கொண்டுபோவது இன்னும் நல்லது. ராமநாதபுரத்தில் கிடைக்காத பழைய மாடல் சாமானுக்கு மதுரைதான் வழி. அதனால் இருக்கிற ஒரே வண்டியைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சாமான் தேடாதீர்கள். ஒரு நாள் கழற்றி அளவெடுத்து, பழையபடி மாட்டிவைத்து, சாமான் கைக்கு வந்த பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

போல்ட்டுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டால் துருவே வராதே என்று தோன்றும். கியர்பாக்ஸ் கூடு அலுமினியம். உப்பு ஈரத்தில் ஸ்டெயின்லெஸ்ஸும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருந்தால் அரிபடுவது அலுமினியம்தான். துளையின் மரை பொடிந்துபோகும். கூட்டில் ஏறும் போல்ட்டுக்குத் துத்தநாகப் பூச்சுள்ளதையே போட்டு, மரையில் கிரீஸ் தடவுங்கள்.

உள்ளே நைலான் வளையம் வைத்த லாக் நட்டு கம்பின் பக்கத்துக்கு நல்லது. சைலன்சர் குழாயை ஒட்டிய இடத்தில் வேண்டாம். 120 டிகிரி செல்சியஸ் தாண்டினால் அந்த வளையம் பிடிப்பை இழக்கும். அங்கே முழு உலோக லாக் நட்டு, அல்லது சாதா நட்டோடு ஸ்பிரிங் வாஷர்.

வண்டியைத் தூக்குவது

கடலோரத்தில் பல வீட்டு வாசல்கள் மணல்தான். மணலில் ஜாக்கி வைத்தால் முதலில் நிற்பதுபோல் இருந்து, நீங்கள் அடியில் இருக்கும்போது இறங்கும். ஜாக்கிக்கு ஒரு பலகை, இரண்டு ஸ்டாண்டுக்கும் தனித்தனிப் பலகை. பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, கைபிரேக்கைப் போட்டு, முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் இறக்குங்கள். இறக்கிய பிறகு வண்டியை இரண்டு கையாலும் ஆட்டிப் பாருங்கள்; அசைந்தால் மறுபடி வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி ஒரு நிமிடம்கூட அடியில் போகக் கூடாது. ஹாலோபிளாக் கல்லும் ஸ்டாண்டுக்கு மாற்றல்ல; உப்பில் ஊறிய கல் சொல்லாமல் நொறுங்கும்.

எஞ்சின் ஆற 1 மணி நேரம் விடுங்கள். சைலன்சர் குழாய் கியர் ராடுக்குப் பக்கத்திலேயே போகிறது. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவையுங்கள்.

ஒட்டுவேலையைப் பிரிப்பது

கழற்றும் முன் போனில் படம் எடுங்கள். முன்னாலிருந்து ஒன்று, பின்னாலிருந்து ஒன்று, ஒவ்வொரு மூட்டுக்கும் கிட்டத்தில் ஒன்று. ஒட்டுவேலை தப்பானதாக இருந்தாலும் எந்த வாஷர் எந்தப் பக்கம் இருந்தது என்பது பின்னால் உதவும்.

அடுத்து, ஒருவரை உள்ளே உட்காரவைத்துக் கம்பை மெதுவாக ஆட்டச் சொல்லுங்கள். நீங்கள் அடியிலிருந்து மூட்டு மூட்டாகப் பாருங்கள். ஒரு மூட்டின் இந்தப் பக்கம் நகர்ந்து அந்தப் பக்கம் நகராமல் நிற்கும் இடம்தான் தேய்ந்த இடம். விரலை மூட்டின் மேல் வைத்தால் கண்ணுக்குத் தெரியாத ஆட்டமும் தெரியும். கம்பின் அடி, கியர்பாக்ஸ் ஷாஃப்ட் மூட்டு, எக்ஸ்டென்ஷன் ராடின் இரு நுனி, இவற்றோடு எஞ்சின் மவுண்ட்டுகளையும் பார்த்துவிடுங்கள்.

கட்டுக்கம்பியை வெட்டி எடுங்கள். அவிழ்க்கப் பார்த்தால் ராடின் மேல் கீறும், கீறலில் துரு பிடிக்கும். வலைக்கயிறும் ட்யூப் துண்டும் எண்ணெயில் ஊறிப் பிசுபிசுவென்று ஒட்டியிருக்கும். முழுவதும் சுரண்டி எடுங்கள். அதற்குள் சிக்கிய மணல்தான் ராடை அரம்போலத் தேய்த்திருக்கும்.

துருப்பிடித்த போல்ட்டுக்குத் துரு இளக்கும் ஸ்பிரே நல்லது. இல்லையென்றால் டீசலில் கொஞ்சம் எஞ்சின் ஆயில் கலந்து, முந்தின மாலையும் இரவும் விட்டுவையுங்கள். காலையில் முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூல் அசைத்து, பிறகு கழற்றும் பக்கம் திருப்புங்கள். நெருப்பு காட்ட வேண்டாம்; பெட்ரோல் குழாய் வண்டியின் அடியில்தான் ஓடுகிறது.

வெல்டிங் வைத்திருந்தால் விஷயம் வேறு. வெல்டிங் வைத்த மூட்டு திரும்பாது. திரும்ப வேண்டிய அசைவெல்லாம் கியர்பாக்ஸ் ஷாஃப்டின் மேல் போய்ச் சேர்ந்து, அதன் ஆயில் சீலைத் தின்றுவிடும். அந்தப் பகுதியை அறுத்துச் சரிசெய்ய முயல வேண்டாம். பழைய வண்டி உடைக்கும் இடத்திலிருந்து முழு ராடாக வாங்கிப் போடுவதுதான் சரி. சூட்டில் வெந்த இரும்பின் பக்கத்தில் உப்புத் துரு மறுபடி மறுபடி வரும்.

எல்லாம் கழன்றதும் கியர்பாக்ஸிலிருந்து வெளிவரும் ஷாஃப்டைக் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். கொஞ்சம் அசைவது சகஜம். கடகடவென்று ஆடினாலோ, சீலைச் சுற்றி எண்ணெய் வழிந்திருந்தாலோ சீல் மாற்ற வேண்டும். புது புஷ் போட்டும் முழுப் பலன் கிடைக்காது.

அளவும் புஷ்ஷும்

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்தபின், புஷ் உட்காரும் துளையை வெர்னியரால் இரண்டு திசையில் அளவெடுங்கள்: நெடுக்கில் ஒன்று, குறுக்கில் ஒன்று. இரண்டுக்கும் 0.3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் துளை முட்டை வடிவமாகிவிட்டது. அதில் கடைப் புஷ்ஷைப் போட்டால் கொஞ்ச நாளில் பழையபடி ஆடும். அந்த நிலையில் ராடை மாற்றுங்கள், அல்லது லேத்தில் கொடுத்துத் துளையை வட்டமாகப் பெருக்கி, அதற்குத் தகுந்த புஷ் கடையச் சொல்லுங்கள். போல்ட்டின் நடுப்பகுதியையும் அளவெடுங்கள். புஷ் உட்கார்ந்த இடம் ஒல்லியாகியிருந்தால் போல்ட்டும் போச்சு.

ராமேஸ்வரம், மண்டபம் பக்கத்து லேத் பட்டறைகளுக்கு விசைப்படகு ஷாஃப்ட் வேலை கைவந்தது. புஷ் கடைவது அவர்களுக்குச் சிறு வேலை. எந்தப் பொருளில் கடைவது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். படகுக்குப் போடுகிற கன்மெட்டல் (வெண்கல வகை உலோகம்) கார் கியருக்கு வேண்டாம். எஞ்சின் அதிர்வு முழுவதும் கம்பில் ஏறி உள்ளே கிணுகிணுக்கும், கிரீஸ் காய்ந்தால் போல்ட்டைத் தின்னும். நைலான் போடலாம். ஆனால் நைலான் காற்றின் ஈரத்தை உறிஞ்சி உப்பும். கடலோரத்தில் கோடையில் சரியாக இருந்த புஷ் ஐப்பசி மழையில் இறுகிவிடும். ஈரத்தை மிகக் குறைவாகவே எடுக்கும் டெல்ரின் என்ற பிளாஸ்டிக் இந்த ஊருக்குப் பொருத்தம். கொஞ்சம் விலை கூட. புஷ் அளவுக்கு வாங்கும் துண்டில் அது பெரிய வித்தியாசமில்லை.

இடைவெளி: டெல்ரின் புஷ்ஷுக்கும் அது சுழலும் இரும்புக்கும் நடுவே 0.05 முதல் 0.1 மி.மீ. நைலானாக இருந்தால் 0.15 வரை விடுங்கள். வெளிப்பக்கம் துளைக்குள் கைவிரலால் அழுத்தினால் இறங்கும் அளவுக்குக் கச்சிதமாக இருக்க வேண்டும். சுத்தியலால் அடித்து இறக்கினால் உள்துளை சுருங்கிவிடும்.

இனி, ஸ்லீவ். பல வண்டிகளில் புஷ்ஷுக்குள் ஒரு சிறிய இரும்புக் குழல் இருக்கும். போல்ட் இறுக்கிப் பிடிப்பது அந்தக் குழலை. புஷ் குழலின் மேல் திரும்பும். குழல் புஷ்ஷைவிட 0.2 அல்லது 0.3 மி.மீ. நீளமாக இருக்க வேண்டும். உதாரணமாக, புஷ் 20 மி.மீ. என்றால் குழல் 20.3. அப்போது போல்ட்டை முழுப் பலத்தோடு இறுக்கினாலும் புஷ் நசுங்காது, மூட்டு தாராளமாகத் திரும்பும், பக்கவாட்டில் ஆடாது.

ஒட்டுவேலைகளில் தொலைந்துபோவது முக்கால்வாசி இந்தக் குழல்தான். குழல் இல்லாமல் இறுக்கினால் புஷ் நசுங்கி மூட்டு பிடித்துக்கொள்ளும். பிடிக்கிறதே என்று நட்டைத் தளர்த்தினால் ஆடும், கொஞ்ச நாளில் நட்டு கழன்று விழும். அதைத் தடுக்கத்தான் கம்பி சுற்றுகிறார்கள். உங்கள் வண்டியின் படங்களைப் பாருங்கள். நட்டு தளர்ச்சியாக விடப்பட்டு அதன் மேல் கம்பி சுற்றியிருந்தால், குழல் இல்லை என்பது கிட்டத்தட்ட உறுதி. லேத்தில் புஷ்ஷோடு அதையும் கடைந்து வாங்குங்கள்.

மாட்டுவது

கியர்பாக்ஸ் பக்கமிருந்து ஆரம்பித்துக் கம்பின் பக்கம் வாருங்கள். துரு நீக்கிய ராடுகளுக்குச் சின்க் பிரைமர் ஒரு கை அடித்துக் காயவையுங்கள். புஷ் உட்காரும் இடத்திலும் மரையிலும் பிரைமர் படக் கூடாது.

1. எக்ஸ்டென்ஷன் ராடின் ரப்பர்களைப் போடுங்கள். ரப்பரில் லித்தியம் கிரீஸ் தடவாதீர்கள். கனிம எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதி மெதுவாகிவிடும். ஏற்றக் கடினமாக இருந்தால் சோப்புத் தண்ணீர் போதும்.

2. அந்த எக்ஸ்டென்ஷன் ராடின் போல்ட்டுகளைக் கையால் மட்டும் ஏற்றி வையுங்கள். வண்டி சக்கரத்தில் நிற்கும்போதுதான் கடைசி இறுக்கம். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே பிடிபட்டுச் சீக்கிரம் கிழியும்.

3. கியர் ராடின் முன் மூட்டு: புஷ்ஷின் உள்ளும் குழலின் வெளியும் மெல்லியதாக கிரீஸ், பிறகு போல்ட். 8 மி.மீ. போல்ட்டுக்கு 20 முதல் 25 நியூட்டன் மீட்டர், 6 மி.மீ.க்கு சுமார் 10. டார்க் ஸ்பேனர் இல்லாதவர்கள் சிறிய ஸ்பேனரின் நடுவைப் பிடித்து மணிக்கட்டுப் பலத்தில் இறுக்கினால் போதும். முழுக்கையால் தொங்கினால் மரை போகும்.

4. இறுக்கிய உடனே ராடைக் கையால் தூக்கிவிட்டுப் பாருங்கள். தன் எடையில் தானே இறங்க வேண்டும். நடுவில் நின்றால் குழல் குட்டை. கழற்றிச் சரிசெய்துவிட்டுத்தான் அடுத்த மூட்டுக்குப் போக வேண்டும்.

5. கம்பின் அடிக் குமிழுக்குப் புது நைலான் கிண்ணம், கிரீஸ், பின் மூட்டின் புஷ். கடைசியாக பூட். பூட்டின் உதடு பள்ளத்தில் முழுச் சுற்றும் உட்கார்ந்திருக்கிறதா என்று விரல் ஓட்டிப் பாருங்கள். அதன் வழியாகத்தான் மணல் ஏறுகிறது.

கம்பின் கூடு தரையில் பிடிக்கும் போல்ட் துளைகள் சில வண்டிகளில் நீள்வட்டமாக இருக்கும். அது அட்ஜஸ்ட் செய்வதற்கான இடம். கியர்பாக்ஸ் நியூட்ரலில் இருக்க, கம்பு தன் வழிகாட்டித் தகட்டின் நடுவில், தகட்டுக்குச் செங்குத்தாக நிற்குமாறு கூட்டை முன்னும் பின்னும் நகர்த்தி இறுக்குங்கள். முதல் கியர் பாதி விழுந்து இரண்டாவது முழுதாக விழுந்தால், கூடு ஒரு பக்கம் தள்ளி உட்கார்ந்திருக்கிறது என்று பொருள்.

ஸ்டியரிங் கியர் வண்டிகள்

பழைய அம்பாசிடரிலும் பத்மினியிலும் கம்பு ஸ்டியரிங் தண்டில் இருக்கிறது. அங்கே ஒரே ராடு இரண்டு வேலை செய்வதில்லை. வரிசையைத் தேர்வு செய்ய ஓர் இணைப்பு, கியரைப் போட இன்னொன்று. மூட்டுகள் அதிகம் என்பதால் ஒவ்வொன்றின் சிறு தேய்மானமும் கூடி, கம்பு எங்கே நிற்கிறது என்றே தெரியாமல் போகும். அதனால் ஒரு புஷ்ஷை மட்டும் மாற்றுவது வீண், செட்டாக மாற்றுங்கள். அம்பாசிடரின் நட்டுகள் அங்குலக் கணக்கு. மி.மீ. ஸ்பேனரை அழுத்திப் பொருத்தினால் முனை மழுங்கும்.

அட்ஜஸ்ட் செய்ய, கியர்பாக்ஸை நியூட்ரலில் வைத்து, இணைப்பின் நுனியிலுள்ள பின்னைக் கழற்றுங்கள். மேலே கம்பையும் நியூட்ரல் இடத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். லாக் நட்டைத் தளர்த்தி, மரையுள்ள நுனியை அரைச் சுற்று அரைச் சுற்றாகத் திருப்பி, பின் தானாக உள்ளே விழும் இடம் வரை கொண்டுவாருங்கள். தட்டி ஏற்ற வேண்டியிருந்தால் அளவு இன்னும் சரியில்லை. பிறகு லாக் நட்டு, புது ஸ்பிளிட் பின். பழைய ஸ்பிளிட் பின்னை நிமிர்த்தி மறுபடி போடாதீர்கள்; அதற்குப் பதில் ஆணியும் வேண்டாம்.

ஓட்டிப் பார்ப்பது

வண்டியை இறக்கி, எக்ஸ்டென்ஷன் ராடின் போல்ட்டுகளை இறுக்கிவிட்டு, எஞ்சின் அணைந்த நிலையில் எல்லாக் கியரையும் பத்துப் பத்து முறை போட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றும் டக்கென்று முடிவு தெரிய விழ வேண்டும். அடுத்து எஞ்சினை ஓடவிட்டு, நின்ற இடத்தில். அதற்குப் பிறகு ஆளில்லாத நேரான சாலையில் ஒவ்வொரு கியரிலும் ஆக்ஸிலரேட்டரை மிதித்துக் காலை எடுங்கள், மறுபடி மிதித்துக் காலை எடுங்கள். நழுவினால் எக்ஸ்டென்ஷன் ராடு, எஞ்சின் மவுண்ட் இரண்டையும் திரும்பப் பாருங்கள்.

முதல் 50 கி.மீ. ஓடி முடிக்கும் வரை பாம்பன் சாலைப் பாலத்தில் ஏறாதீர்கள். 1988-ல் திறந்த அந்தப் பாலம்தான் ராமேஸ்வரம் தீவுக்கு இருக்கும் ஒரே சாலை. அங்கே கியர் கழன்று நின்றால் ஆம்புலன்சும் உங்கள் பின்னால்தான் நிற்கும். 100 கி.மீ. ஆனதும் எல்லா நட்டையும் ஒருமுறை ஸ்பேனர் வைத்துப் பாருங்கள்.

உப்பு

வாடையில் பாக் நீரிணைப் பக்கமிருந்தும், கச்சான் காற்றில் மன்னார் வளைகுடாப் பக்கமிருந்தும் உப்புத் தூவானம் வருகிறது. தீவிலும் மண்டபத்திலும் வருடம் முழுக்க ஓய்வில்லை. வெயில் காலத்தில் காய்ந்துவிடும் என்று நம்ப வேண்டாம். சமையல் உப்பே காற்றில் ஈரப்பதம் 75 சதவீதம் தாண்டினால் நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு அதைவிட மிகக் குறைந்த ஈரத்திலேயே இழுக்கும். கண்ணுக்கு உலர்ந்து தெரியும் ராடு உப்புப் படலத்துக்கு அடியில் நனைந்தே இருக்கிறது.

தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை போய்வந்தாலும், மீன் பெட்டி ஏற்றி ஐஸ் தண்ணீர் ஒழுகினாலும் அன்றைக்கே அடிப்பகுதியைக் கழுவுங்கள். நல்ல தண்ணீரில் மட்டும். உப்புக் கிணற்று நீரில் கழுவினால் உப்பை எடுத்துவிட்டு உப்பைப் பூசுவதாகத்தான் முடியும். மூட்டுகளுக்குப் புது கிரீஸ் வருடத்துக்கு இரண்டு முறை: புரட்டாசி முடிவதற்குள் ஒன்று, தை பிறந்ததும் ஒன்று. மேலே தடவுவது போதாது. பழைய கிரீஸைத் துடைத்து எடுங்கள், அதில் மணல் இருக்கும்.

நடுவழியில் கழன்றால்

ராடு கழன்று கம்பு தொளதொளவென்று ஆடினால், வண்டியை ஓரமாகச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கைபிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். மூட்டு கைக்கு எட்டினால், ஒரு போல்ட்டைத் துளையில் நுழைத்துக் கட்டுக்கம்பியால் விழாமல் பிடிக்கவைக்கலாம். கம்பி போல்ட்டைக் காக்க மட்டும்; ராடையும் ஷாஃப்டையும் சேர்த்து வரிந்து கட்டக் கூடாது.

அதுவும் முடியாவிட்டால் கியர்பாக்ஸ் ஷாஃப்டைக் கையால் தள்ளி இரண்டாவது கியரில் விழவையுங்கள். சைலன்சர் சூடு ஆறிய பிறகு, வண்டியைத் தூக்காமல், முன்பக்கத்திலிருந்து கை எட்டினால் மட்டும். எந்தக் கியரில் விழுந்தது என்று கிளட்ச்சை முழுவதும் மிதித்து எஞ்சினை எடுத்து, மிக மெதுவாக விட்டுப் பாருங்கள். பின்னால் யாரும் நிற்கக் கூடாது, ரிவர்ஸாகவும் இருக்கலாம். இரண்டாவதில் 30 கி.மீ. வேகத்துக்குள் வீடு சேரலாம். நிற்கும்போதெல்லாம் கிளட்ச்சை மிதித்தே வைத்திருக்காமல் எஞ்சினை அணைத்துவிடுங்கள்; மறுபடி கிளம்பும்போது கிளட்ச்சை மிதித்து ஸ்டார்ட் செய்யுங்கள். வீடு சேர்ந்ததும், கட்டிய கம்பியில் ஒரு சிவப்புத் துணியை முடிந்து, சாவியோடும் ஒரு துணியைக் கட்டிவையுங்கள். புஷ் மாற்றும் வரை வேறு யாரும் அந்த வண்டியை எடுக்காதிருக்க அது போதும்.